அடக்குவதும் அமைதிப்படுத்துவதும்: ‘குவெல்’ என்னும் ஆங்கில வினை குறித்து

கலகத்தைப் படை கொண்டு ஒடுக்கினார்கள் என்று சொல்லவும், முதலீட்டாளர்களின் அச்சத்தை அமைச்சர் தம் விளக்கத்தால் போக்கினார் என்று சொல்லவும் ஆங்கிலத்தில் ஒரே வினை போதும்: குவெல். முதல் செயலில் துப்பாக்கி இருக்கிறது, இரண்டாவதில் பேச்சு மட்டுமே. ஒன்றில் எதிர்த்தவர்கள் தோற்கிறார்கள், மற்றதில் அஞ்சியவர்கள் ஆறுதல் அடைகிறார்கள். அகராதிகள் இவற்றை எண்ணிட்டு இரண்டு பொருள்களாகப் பிரிக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் இன்றைய அகராதி கலகம் முதலியவற்றைப் பெரும்பாலும் வன்மையால் முடிவுக்குக் கொண்டுவருதலை முதலில் வைத்து, விரும்பத்தகாத உணர்ச்சியை அடக்குதலை அடுத்துத் தருகிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஒருபடி மேலே சென்று, அமைதிப்படுத்துதல் என்பதையே இரண்டாம் பொருளாகக் கூறுகிறது.

இவை உண்மையிலேயே இரண்டு பொருள்களா, அல்லது ஒரே பொருள் இருவகைப் பொருட்களின்மேல் விழும்போது தோன்றும் வேறுபாடா என்பது கேள்வி. ஒற்றைச் சொல்லைப் பற்றிய சிறிய ஐயமாக இது தோன்றலாம். ஆனால் சொல்லின் பொருள் எங்கே இருக்கிறது என்ற பழைய வினாவின் ஒரு துண்டு இது. பிறந்த வேரில் இருக்கிறது என்றார்கள் சிலர், கடந்துவந்த வரலாற்றில் என்றார்கள் வேறு சிலர். கூடிவாழும் சொற்களில் என்றும், பேசுவோர் மனத்திலுள்ள உருவகத்தில் என்றும் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இந்த நான்கு விடைகளையும் ‘குவெல்’லை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அமைதிப்படுத்துதல் இந்த வினையின் தனிப்பொருள் ஆகாது, அடக்குகிறவர் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது விளைவு அப்படித் தெரிகிறது, அவ்வளவே என்பது இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

வேர் சொல்லும் கதை

பழைய ஆங்கிலத்தில் ‘க்வெல்லன்’ என்றால் கொல்லுதல். கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவனுக்கு அதே அடியிலிருந்து பிறந்த ‘க்வெல்லெரெ’ என்ற பெயர் வழங்கியது. இதற்கு இணையாக ‘க்வெலன்’ என்றொரு வினை இருந்தது, அதன் பொருள் சாதல். ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. அடங்கு–அடக்கு, திரும்பு–திருப்பு என்ற இணைகளோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு புதிதன்று. ஆங்கிலத்தில் விழு என்னும் ‘ஃபால்’, வீழ்த்து என்னும் ‘ஃபெல்’ ஆகியவை இன்றும் இந்த முறைக்குச் சான்று. ‘குவெல்’லைப் பொறுத்தவரை தன்வினை செத்து, பிறவினை மட்டும் பிழைத்திருக்கிறது. அடக்கு என்ற சொல் உண்டு, அதற்கு இணையான அடங்கு இல்லை என்ற நிலை. கலகம் தானாக ஓய்ந்தது என்று சொல்ல ஆங்கிலேயர் வேறு வினையைத் தேட வேண்டும். பின்னால் வரும் வாதத்துக்கு இந்த இழப்பு முக்கியமானது.

சொல்லின் முதற்பொருளே மெய்ப்பொருள் என்று நம்பியவர்களின் மரபு நீண்டது. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிடோர், அறிவுத்துறைகள் அனைத்தையும் சொற்பிறப்பு வழியே விளக்கிவிட முயன்றார். 1786இல் ‘பர்லியின் பொழுதுபோக்குகள்’ என்ற நூலின் முதற்பகுதியை வெளியிட்ட ஹோர்ன் டூக் இந்த நம்பிக்கையை அரசியல் ஆயுதமாகவே ஆக்கினார். சொற்களின் வேரைத் தோண்டினால் ஆட்சியாளர்களின் சொல்மயக்கம் கலையும் என்பது அவர் எண்ணம். இந்தப் பார்வையில் ‘குவெல்’ என்பது மறைந்திருக்கும் கொலை. கலகத்தைக் ‘குவெல்’ செய்தோம் என்று அரசு சொல்லும்போது, கொன்றோம் என்ற உண்மையைச் சொல் தன் அடியில் வைத்திருக்கிறது.

இந்த விளக்கத்தில் ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் ஒரே வேரின் மற்றக் கிளைகளைப் பார்த்தால் அது நிலைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல்லான ‘க்வேலன்’ வதைத்தல் என்று பொருள்படுகிறது. பழைய நார்ஸ் மொழியின் ‘க்வெல்யா’வும் வதைத்தலே. அதன் வழிவந்த சுவீடிஷ் ‘க்வேல்யா’ குமட்டச் செய்தலைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலோ குமட்டலை அடக்குவதற்கு ‘குவெல்’ வருகிறது. ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டு சொற்கள், ஒன்று குமட்டலை உண்டாக்குகிறது, மற்றது அதை நிறுத்துகிறது. வேர் பொருளை முடிவு செய்கிறது என்றால் இது நடந்திருக்க முடியாது. ஊற்று என்னும் பொருள் தரும் ஜெர்மன் ‘க்வெல்லே’ இதே ஒலியுடன் இருந்தும் வேறு வேரிலிருந்து வந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒலியொப்புமையை நம்பிச் சொற்பிறப்பு பேசுவோர் இடறி விழும் இடம் அது.

வரலாற்று அகராதியின் விடை

இரண்டாவது விடை, பொருளைப் பிறப்பில் தேடாமல் பயணத்தில் தேடியது. இதற்கு ஒரு திருப்புமுனையாக அமைந்தவர் ரிச்சர்டு செனிவிக்ஸ் டிரெஞ்ச். 1851இல் அவர் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் சொற்பிறப்பிலிருந்து அறப்பாடம் பெறும் பழைய ஆசை இன்னும் இருக்கிறது. 1857இல் இலண்டன் மொழியியல் கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள் வேறு திசையில் சென்றன. ஒவ்வொரு சொல்லும் எப்போது தோன்றியது, எப்படி மாறியது என்பதை மேற்கோள்களால் நிறுவாத அகராதி குறையுடையது என்று அவர் வாதிட்டார். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அந்த வாதத்தின் பயன்.

இந்த முறையில் பார்த்தால் ‘குவெல்’லின் கதை ஒரு தளர்ச்சியின் கதை. கொல்லுதல், பிறகு வென்று வீழ்த்துதல், பிறகு ஒடுக்குதல், கடைசியில் தணித்தல். இடைக்கால ஆங்கிலத்தில் ‘கில்’ என்ற சொல் எழுந்து, முதலில் அடித்தலையும் பிறகு கொல்லுதலையும் குறித்துப் பொதுவழக்கைக் கைப்பற்றியபோது, ‘குவெல்’ மெல்ல மெல்ல மனித உயிரிலிருந்து விலகிக் கலகம், கிளர்ச்சி, உணர்ச்சி ஆகியவற்றின் பக்கம் ஒதுங்கியதாகத் தோன்றுகிறது. ஆனால் பழைய பொருள் உடனே மறைந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் அரசனைக் கொல்லும் திட்டத்தைப் பேசும்போது மக்பெத்தின் மனைவி இதைப் பெயர்ச்சொல்லாக்கிக் கொலை என்ற பொருளிலேயே ஆள்கிறாள். ‘நான்காம் ஹென்றி’யின் இரண்டாம் பகுதியில் விடுதிக்காரி குவிக்லி, ஃபால்ஸ்டாஃபை ஆட்கொல்லி என்று வைவதற்கு இதே அடிச்சொல்தான் உதவுகிறது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் நசுக்குதல், அடிப்படுத்துதல் என்ற பொருள்களை முன்வைத்து, கொல்லுதலை மூலப்பொருள் என்று மட்டும் குறிப்பிட்டார். அதாவது அவர் காலத்தில் கொலைப்பொருள் வழக்கிலிருந்து நீங்கி வரலாறாகிவிட்டது.

வன்மையான சொற்கள் நாளடைவில் மென்மையாவது உலகெங்கும் காணப்படும் போக்கு. 1897இல் மிஷேல் பிரேயால் பொருண்மையியல் என்ற துறைக்குப் பெயரும் உருவமும் தந்த நூலில் பொருள் விரிதல், சுருங்குதல், உருவகமாதல் ஆகிய மாற்றங்களை வகைப்படுத்தினார். ‘ஸ்டார்வ்’ என்ற சொல் சாதல் என்ற பொருளிலிருந்து பட்டினியால் வாடுதல் என்று சுருங்கியது இதற்கு அடுத்த வீட்டுச் சான்று. ஆக, இந்த விடையின்படி கொலையிலிருந்து தணிப்பு வரை ஒரு தொடர் ஓட்டம் இருக்கிறது, இரண்டு பொருள்களும் அதன் இரு கட்டங்கள்.

இவ்விடையின் வலிமை அது சான்றுகளோடு பேசுவது. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. மாற்றத்தை விவரிக்கிறது, மாறாமல் நிற்பதை விளக்குவதில்லை. தளர்ச்சி தொடர்ந்து நடந்திருந்தால் இந்நேரம் ‘குவெல்’ முழுமையாக மென்மையடைந்திருக்க வேண்டும். ‘சூத்’ என்ற ஆங்கில வினை உண்மை என்று மெய்ப்பித்தல் என்ற பொருளில் தொடங்கி, ஆமோதித்தல், முகமன் கூறுதல் வழியாக ஆறுதல் அளித்தலுக்கு வந்து சேர்ந்தது. இன்று அதில் பழைய பொருளின் சாயல் கொஞ்சமும் இல்லை. ‘குவெல்’லுக்கு அந்த மறதி வாய்க்கவில்லை. ஆயிரம் ஆண்டு கழிந்தும் அதில் ஓர் எதிர்ப்பும் ஒரு தோல்வியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அழுகிற குழந்தையைத் தாய் ‘சூத்’ செய்தாள் என்றால் தாலாட்டு கேட்கிறது. ‘குவெல்’ செய்தாள் என்றால் ஆங்கிலம் அறிந்தவர் திடுக்கிடுவார். காலத்தால் தேயாத இந்த எச்சம் எங்கிருந்து ஊட்டம் பெறுகிறது என்று வரலாற்று அகராதி சொல்லாது.

சொல்லின் சுற்றம்

மூன்றாவது விடை 20ஆம் நூற்றாண்டினுடையது. ஒரு சொல்லை அது பழகும் சொற்களை வைத்து அறியலாம் என்பது ஜே.ஆர். ஃபர்த் 1957இல் வலியுறுத்திய கொள்கை. அவர் வழியில் வந்த ஜான் சின்க்ளேர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கணினித் தரவுகளைத் திரட்டி, 1987இல் கோபில்டு அகராதியை வெளிக்கொணர்ந்தார். பொருளைத் தொகுப்பாசிரியரின் உள்ளுணர்வுக்கு விடாமல், சொல் உண்மையில் வரும் இடங்களிலிருந்து பெறுவது அதன் முறை.

‘குவெல்’லின் சுற்றத்தைப் பார்த்தால் படம் தெளிவாகவே இருக்கிறது. கலகம், கிளர்ச்சி, கலவரம், எழுச்சி, போராட்டம், வன்முறை ஆகியவை ஒரு பக்கம். அச்சம், ஐயம், வதந்தி, ஊகம், பதற்றம், குமட்டல், பசி, சிரிக்கும் ஆவல் ஆகியவை மறுபக்கம். வினைக்கு முன்னால் அடிக்கடி வருபவை முயன்றார், தவறினார், படை அனுப்பப்பட்டது போன்ற தொடர்கள். மனிதர்கள் செயப்படுபொருளாக வருவது குறைவு. ஒரு பார்வையாலேயே ஒருவரை அடங்கச் செய்யும் இடங்களில் மட்டும் பழைய வழக்கு எஞ்சியிருக்கிறது. மகிழ்ச்சி, நன்றி, அன்பு ஆகியவை இந்த வினையோடு பெரும்பாலும் சேர்வதில்லை.

பில் லோ 1993இல் எழுதிய கட்டுரை இத்தகைய பழக்கத்திலிருந்து சொல்லின் மேல் ஒரு சாயம் ஏறுகிறது என்று வாதிட்டது. கெட்டவற்றோடு மட்டும் சேரும் சொல், தான் தொடும் எதையும் கெட்டதாகக் காட்டும். ‘குவெல்’லின் நீடித்த வன்மைக்கு இது நல்ல விளக்கம். கொலைப்பொருள் போனாலும் கலகங்களின் நடுவே வாழ்ந்ததால் அந்த வாடை போகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி விரும்பத்தகாத உணர்ச்சி என்று குறிப்பதும் இதே கணிப்பின் விளைவு.

ஆனால் சாம் விட்சிட் 2005இல் எழுப்பிய கேள்வி இங்கே எடுபடுகிறது. சாயம் ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு வழிந்து படிகிறது என்பதற்குச் சான்று என்ன? கெட்டவற்றோடு சேர்வதால் அந்தச் சொல்லும் கெட்டதாகிவிடாது. துயரைப் போக்கும் சொல் துயரத்தோடு சேர்ந்து வருவது இயல்புதானே. இதைவிட நெருடலான எதிர்ச்சான்று சுற்றத்துக்குள்ளேயே இருக்கிறது. சிரிக்கும் ஆவலை ஒருவர் ‘குவெல்’ செய்கிறார் என்பது ஆங்கில நாவல்களில் இயல்பாக வரும் தொடர். சிரிப்பு விரும்பத்தகாத உணர்ச்சி ஆகாது. உற்சாகமும் அப்படியே. அவையும் இந்த வினைக்கு இலக்காகின்றன என்றால், தேர்வுக்கு அடிப்படை இனிமையோ கசப்போ ஆக முடியாது. இறுதிச் சடங்கில் எழும் சிரிப்பு இனியதாக இருந்தாலும் அந்த இடத்தின் ஒழுங்கை மீறுகிறது, அதனால் அடக்கப்படுகிறது. மீறுதலே அளவுகோல். சுற்றத்தை எண்ணுகிற முறை பட்டியலைச் சரியாகத் தந்தது, பட்டியலைக் கோத்த நூலைத் தவறவிட்டது என்று கருத இடமிருக்கிறது.

உள்ளே ஒரு கலகம்

நான்காவது விடை அந்த நூலைத் தேடியது. ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் உருவகம் என்பது அணி மட்டும் அன்று, சிந்திக்கும் முறையே அதுதான் என்று வாதிட்டார்கள். சொல்டான் கோவெசெஷ் 2000இல் வெளியிட்ட உணர்ச்சி பற்றிய நூலில், உணர்ச்சியை எதிராளியாகக் காணும் உருவகத்தை விரிவாக ஆராய்ந்தார். சினத்தோடு போராடுகிறோம், துயரத்துக்கு ஆட்படுகிறோம், அச்சத்தை வெல்கிறோம். இந்தப் பார்வையில் அச்சத்தைக் ‘குவெல்’ செய்தல் தனிப்பொருள் ஆகாது. அச்சம் கலகக்காரன், அறிவு அரசன், மனம் நாடு. நாட்டில் நடப்பது உள்ளேயும் நடக்கிறது.

உருவகம் சொல்லைவிடப் பழையது என்பது இவ்விடைக்குத் துணை. பிளேட்டோவின் ‘குடியரசு’ ஆன்மாவின் பகுதிகளை நகரத்தின் பிரிவுகளுக்கு இணையாக்கி, பகுதிகளுக்குள் மூளும் பூசலை அநீதி என்று கண்டது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புருடென்ஷியஸ் எழுதிய இலத்தீன் காவியத்தில் அறங்களும் குற்றங்களும் போர்க்களத்தில் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. ஆங்கில வினை பிறந்து வளர்ந்தபோது மனத்தை ஆளப்படும் நிலமாகக் காணும் பழக்கம் ஐரோப்பாவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

இதைவிட வலுவான சான்று ஆங்கிலத்துக்கு வெளியே கிடைக்கிறது. தமிழில் அடக்கு என்ற வினைக்குக் கொலை மூலம் இல்லை. இருந்தும் கலகத்தை அடக்கினார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள், பசியை அடக்கினான் என்று ஆங்கில வினை செல்லும் அதே பாதையில் அது செல்கிறது. உறவற்ற இரண்டு மொழிகள் ஒரே பரப்பை ஒரே வினைக்குத் தருகின்றன என்றால், பொதுவான பார்வை ஒன்று இரண்டுக்கும் அடியில் இருக்கிறது என்று எண்ணுவது தகும்.

ஆனால் ஒற்றுமை ஓரிடத்தில் முறிகிறது, அந்த முறிவு கவனிக்கத்தக்கது. தமிழில் என் அச்சத்தை நான் அடக்கிக்கொள்ளலாம். பிறர் அச்சத்தை நான் அடக்குவதில்லை, போக்குகிறேன் அல்லது தணிக்கிறேன். அடக்குதல் என்னும்போது ஆளுகிறவரும் ஆளப்படுவதும் ஒரே உடலுக்குள் இருக்க வேண்டும் என்று தமிழ் வழக்கு கேட்கிறது. ஆங்கிலம் அந்த எல்லையைக் கடந்து, மக்களின் அச்சத்தை அமைச்சர் ‘குவெல்’ செய்ய அனுமதிக்கிறது. உருவகக் கொள்கை இரண்டு மொழிகளின் ஒற்றுமையை விளக்குகிறது. ஒரு மொழி நின்ற இடத்தில் இன்னொன்று ஏன் நிற்கவில்லை என்பதை அது விளக்கவில்லை. எல்லா மனிதருக்கும் பொதுவான உருவகம் என்று பேசும்போது இந்த வழக்கு வேறுபாடுகள் நழுவிப்போகின்றன.

முடிவைச் சொல்லும் வினை

நான்கு விடைகளும் வினைக்கு வெளியே இருப்பதையே பார்த்தன. வினையின் உள்ளமைப்பைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சீனோ வெண்ட்லர் 1957இல் வினைகளைக் கால இயல்பின்படி வகைப்படுத்தினார். ஓடுதல் போன்றவை நீடிப்பவை, வீடு கட்டுதல் போன்றவை ஒரு முடிவை நோக்கிச் சென்று அங்கே நிறைவு பெறுபவை. ‘குவெல்’ இரண்டாம் வகை. பல ஆண்டுகள் ஒருவர் சினத்தை ‘சப்ரெஸ்’ செய்யலாம், அது நீடிக்கும் அழுத்தம். பல ஆண்டுகள் சினத்தைக் ‘குவெல்’ செய்தார் என்றால் தொடர் பொருந்தாமல் நிற்கும். ஏனெனில் இந்த வினை சொல்லி முடிக்கும்போது எதிர்ப்பு அற்றுப்போயிருக்க வேண்டும். முயன்றார், தவறினார் என்ற துணைத்தொடர்கள் இதன் முன் குவிவதற்கும் இதுவே காரணம் என்று தோன்றுகிறது. முடிவை உறுதியாகக் கூறும் வினையை முடிவு தெரியாதபோது ஆள வேண்டுமானால் முயற்சியைத் தனியே சொல்லத்தான் வேண்டும். உளவியலாளர்கள் உணர்ச்சி அடக்கத்துக்குத் தங்கள் கலைச்சொல்லாக ‘சப்ரெஷன்’ என்பதையே எடுத்தார்கள். ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படம் பார்த்தபோது முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கச் சொல்லப்பட்டவர்களின் வெளிப்பாடு குறைந்தது, உள்ளே உணர்ந்த அருவருப்பு குறையவில்லை. முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் ஒரு வினை அந்த நிலைக்குப் பொருந்தியிருக்காது.

எழுந்து பரவும் இயல்பு இலக்குக்கு வேண்டும் என்பதும் இதோடு சேர்கிறது. ஓர் அறிக்கையை அரசு ‘சப்ரெஸ்’ செய்யலாம், ‘குவெல்’ செய்ய முடியாது, ஏனெனில் அறிக்கை தானாக எழாது. அறிக்கை கிளப்பிய வதந்தியைக் ‘குவெல்’ செய்யலாம். ‘குவாஷ்’ என்ற ஒலியொத்த வினையோடும் இங்கே எல்லை தெரிகிறது. நம் உயர்நீதிமன்றங்கள் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யும்போது ஆங்கிலத்தில் வருவது ‘குவாஷ்’. அது செல்லாததாக்குதல், இலத்தீன் வழிவந்த சட்டச்சொல். ‘குவெல்’ எதையும் செல்லாததாக்குவதில்லை, நிறுத்துகிறது.

இவற்றைச் சேர்த்தால் வினையின் கரு புலப்படும். எழுந்து பரவுகிற ஒன்று, அதை ஒழுங்கு மீறலாகக் காணும் ஒரு நிலைப்பாடு, மீறல் அற்றுப்போன முடிவு. இந்த மூன்றையும் சொல் தருகிறது. எந்த வழியால் முடிந்தது என்பதையும், எழுந்ததற்கான காரணம் தீர்ந்ததா என்பதையும் அது சொல்லாமல் விடுகிறது. துப்பாக்கியும் ஆறுதல் மொழியும் ஒரே வினைக்குள் இருக்க முடிவது இந்த மௌனத்தால்தான். தன்வினை இறந்துபோனதன் விளைவையும் இங்கே காணலாம். அடங்கியது எப்படி உணர்ந்தது என்று அதன் பக்கத்திலிருந்து பேச இந்தச் சொற்குடும்பத்தில் வினை இல்லை.

வேலூர், 1806

1806 ஜூலை 10 அன்று விடியும் முன் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் புகுத்திய உடைவிதிகள் உடனடிக் காரணம். புதிய வகைத் தலைப்பாகை கட்டாயமாக்கப்பட்டது, நெற்றிக்குறிகளும் காதணிகளும் தடுக்கப்பட்டன, தாடி மீசைக்கு விதி வந்தது. ஆற்காட்டிலிருந்து கர்னல் ராலோ கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து, அன்றைக்கே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கில்லெஸ்பி கலகத்தைக் ‘குவெல்’ செய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதில் பிழை காண முடியாது. எழுச்சி இருந்தது, அது நின்றது.

சிப்பாய்களின் மனக்கொதிப்பு தணிந்ததா என்பது வேறு கேள்வி, அதற்கு விடையளித்தது வேறு செயல். உடைவிதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். இதைக் ‘குவெல்’ என்று யாரும் அழைப்பதில்லை. இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் ஒரே நிகழ்வுபோலத் தோன்றுகின்றன. ஆனால் முதலாவது குரலை நிறுத்தியது, இரண்டாவது குரல் எழக் காரணமாக இருந்ததை எடுத்தது. அமைதிப்படுத்துதல் என்று அகராதி ‘குவெல்’லுக்குப் பொருள் எழுதும்போது இரண்டாவது செயலின் நற்பெயரை முதலாவதற்குக் கொடுத்துவிடுகிறது. இது ஓர் அகராதிப் பதிவின் நுணுக்கம் மட்டும் அன்று. செத்தவர்களைப் பற்றிய வாக்கியத்தில் அமைதி என்ற சொல் நுழைவதா என்பது அதில் அடங்கியிருக்கிறது. 1946இல் அரசியல் ஆங்கிலம் பற்றி எழுதிய ஜார்ஜ் ஆர்வெல், ஊர்களைக் குண்டுவீசி அழிப்பதற்கு அமைதிப்படுத்துதல் என்று பெயரிடுவதைக் கண்டித்தது இதே ஆபத்தை எண்ணித்தான்.

சட்டமொழி இங்கே எச்சரிக்கையாக இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 129, அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 148 ஆகியவை கூட்டத்தைக் கலைத்தல் என்றே பேசுகின்றன. கலைத்தல் கண்ணால் காணக்கூடிய, அளக்கக்கூடிய செயல். ‘குவெல்’ செய்தியாளரின் சொல், வரலாற்றாசிரியரின் சொல். சுருக்கமும் முடிவின் உறுதியும் தலைப்புக்கு உதவுகின்றன.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. முதலாவது, இது மாறுவேடமிட்ட வேர்ச்சொல் வாதம் என்பது. கொல்லுதல் என்ற பழம்பொருளை முன்வாயிலில் விலக்கிவிட்டுப் பின்வாயிலில் அழைத்து வருகிறதா? இல்லை என்றே கருதுகிறேன். குழந்தைக்குப் பொருந்தாமை, பல ஆண்டுகள் என்ற காலத்தொடரோடு ஒட்டாமை, சிரிப்போடு சேர்தல் ஆகிய மூன்றும் இன்றைய வழக்கின் சான்றுகள். பழைய ஆங்கிலத்தை அறியாத ஒருவரும் அவற்றைச் சோதிக்கலாம். வேர் வேறாக இருந்திருந்தாலும் முடிவு இதுவாகவே இருந்திருக்கும், தமிழ் ‘அடக்கு’ அதற்குச் சான்று.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஓர் ஆய்வு முடிவு ஐயங்களைக் ‘குவெல்’ செய்தது என்கிறோம். அங்கே ஆளுகிறவர் யார்? தரவுக்கு அதிகாரம் ஏது? இதில் மறுப்பாளர் பாதி வெல்கிறார். எழுவாய்க்கு அதிகாரம் வேண்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தை எழுதுபவர் ஐயத்தைத் தொல்லையாகக் காண்கிறார் என்பது மாறவில்லை. ஐயப்படுவது நல்லது என்று எண்ணுபவர் வேறு வினையைத் தேடுவார். ஆகவே வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். அதிகாரம் எழுவாயில் இருக்க வேண்டியதில்லை, எழுதுபவர் நிற்கும் இடத்தில் இருந்தால் போதும்.

மூன்றாவது, ஓரளவு அல்லது தற்காலிகமாக ‘குவெல்’ செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே, முடிவின் முழுமை எங்கே போயிற்று என்பது. இதற்கு விடை எளிது. முழுமை இயல்பாக உள்ளுறைந்திருப்பதால்தான் அதைக் குறைக்க அடைமொழி வேண்டியிருக்கிறது.

இன்னும் தீராதவை

‘கில்’ என்ற சொல் ‘குவெல்’லின் உடன்பிறப்புத்தானா என்பது முடிவாகவில்லை. பழைய ஆங்கிலத்தில் பதிவாகாத ஓர் இடைவடிவத்தைக் கற்பித்துத்தான் இரண்டையும் இணைக்க முடிகிறது. மன உறுத்தலைக் குறிக்கும் ‘குவாம்’ என்ற சொல், சாவையும் கொள்ளைநோயையும் குறித்த பழைய ‘க்வெயல்ம்’ என்பதன் வாரிசா என்பதிலும் கருத்து ஒருமிக்கவில்லை. வாரிசு என்றால், ஆங்கிலேயர் தம் உறுத்தல்களைக் ‘குவெல்’ செய்யும்போது ஒரே குடும்பத்தின் இரண்டு சொற்கள் மோதிக்கொள்கின்றன. இவை வேராய்வின் வினாக்கள், இங்கே முன்வைத்த வாதம் அவற்றைச் சார்ந்திருக்கவில்லை.

வாதத்தையே தொடும் வினா ஒன்று உண்டு. கணினித் தரவுத் தொகுப்புகளில் செய்தித்தாள்களின் பங்கு பெரிது, செய்தியில் கலகமும் சந்தை அச்சமும் மிகுதி. அன்றாடப் பேச்சில் ‘குவெல்’ அரிதாகவே வரும் சொல். ஆகவே ஒழுங்கின் பக்கம் நிற்பது இந்த வினையின் இயல்பா, அதை அதிகம் ஆளும் செய்திமொழியின் இயல்பா என்பதை இன்றைய சான்றுகளைக் கொண்டு முழுமையாகப் பிரித்துக் காட்ட முடியாது. நாவல்களில் வரும் சிரிப்பும் குமட்டலும் வினையின் இயல்பே என்ற பக்கம் சாய்கின்றன. வணிகச் செய்திகளில் ஊகம், பதற்றம் ஆகியவற்றோடு பழகிப் பழகி இது ஒருநாள் ‘சூத்’ போல வன்மையை மறக்கவும் கூடும். அப்படி நேர்ந்தால் அதன் முதல் அடையாளம் செயப்படுபொருளில் தெரியும் என்று எதிர்பார்க்கலாம்: உணர்ச்சிக்குப் பதிலாக அதை அனுபவிக்கும் மனிதரையே இலக்காகக் கொண்ட, யாரையும் திடுக்கிடச் செய்யாத வாக்கியங்கள் பெருக வேண்டும். இதுவரை அத்தகைய பெருக்கம் கண்ணில் படவில்லை.